நேத்து மீன்

"சங்கரா இன்னைக்கு வந்தது. கிழங்கான் நேத்து மீனு. கொழம்புக்கு வேணாம், வறுத்துக்கங்க."

அலுமினியக் கூடையை இறக்கி வைக்கும்போதே மீன்கார அக்கா இதைச் சொல்லிவிடுவார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

காரைக்கால்மேட்டிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறி எங்கள் குரும்பகரத்துக்கு வருவார். கூட இன்னும் நாலு மீன்காரப் பெண்கள் வருவார்கள். அவர்கள் எந்த மீனையும் இப்போதுதான் வலையிலிருந்து உதறியது என்பார்கள். அக்காவுக்கு அது வராது.

என் மனைவி ஒருமுறை கேட்டாள். "ஏங்க்கா, நீங்களே இப்புடிச் சொன்னா யாரு வாங்குவா?"

"வாங்குறவங்க வாயில வைக்கப் போறாங்க தங்கச்சி. சொல்லிப்புடணும்."

நேத்து மீன் மிஞ்சும். கொண்டு போய் உப்புப் போட்டுக் கருவாடாக்கிக்கொள்வார். மற்ற பெண்கள் பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். "ஒன்னால எங்க மீனையும் மோந்து பாக்குறாளுவ" என்று திட்டுவார்கள். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வருவார்.

எனக்கு அப்போது ஒரு அம்பாசிடர் இருந்தது. காரைக்கால் பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறுத்தியிருப்பேன். பாண்டி சவாரிதான் அதிகம். ஏறுகிறவர்களில் பாதிப் பேர் பிரெஞ்சு விசா வேலையாகப் போகிறவர்கள். ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரம் வரை பேசாமல் வருவார்கள். பிறகு எல்லாவற்றையும் சொல்வார்கள். இருபது வருஷம் ஓட்டியதில் எனக்கும் கொஞ்சம் விஷயம் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, சவாரி ஒன்றை இறக்கிவிடக் காரைக்கால்மேட்டுக்குப் போயிருந்தேன். வண்டியை விட்டுவிட்டு ஓடினேன். தண்ணீர் வடிந்தபோது வண்டி ஒரு படகின்மேல் சாய்ந்து கிடந்தது. அக்கா அன்றைக்குக் கூடையோடு முன்னமே பஸ் ஏறிவிட்டார். அதனால் உயிரோடு இருந்தார். அவர் அம்மா இரண்டு நாள் கழித்துக் கிடைத்தார். வீடு இருந்த இடத்தில் அடுப்புக்கல் மட்டும் இருந்தது. ஒரு தகரப் பெட்டி இருந்ததாம், அதையும் காணவில்லை.

வண்டியைப் பிரித்துக் கழுவி, புது சீட் போட்டு, பெயிண்ட் அடித்தேன். தண்ணீர் ஏறியதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யார் ஏறுவார்கள்.

அக்கா சொல்லிவிட்டார். ஒரு தடவை அவரும் ஒரு குடும்பமும் சேர்ந்து பாண்டிக்கு ஏறினார்கள். பின் சீட்டில் இருந்த பெரியவர், "வண்டிய நல்லா வெச்சிருக்கீங்க" என்றார். முன் சீட்டிலிருந்து அக்கா திரும்பினார்.

"சுனாமித் தண்ணி ஏறுன வண்டிங்க. மழைன்னா சில நேரம் நின்னுடும். மத்தபடி தம்பி நல்லா ஓட்டும்."

பெரியவர் திரும்பி வரும்போது வேறு வண்டி பிடித்துக்கொண்டார்.

"என்னக்கா இது" என்றேன்.

"உள்ள ஒக்காந்திருக்கிறது அவங்கதான தம்பி."

இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு ஒரு பொட்டலம் வந்தது. வஞ்சிரம். இன்றைய மீன்.

அவர் பாண்டிக்குப் போகத் தொடங்கியது கல்யாணத்துக்குப் பிறகு. கல்யாணத்துக்கும் ஒரு முன்கதை இருந்தது. தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம் என்று போய்வந்த பாதையில் துண்டு துண்டாகச் சொன்னார்.

சுனாமிக்கு முன்னால் அக்கா பாரிசில் இருந்திருக்கிறார். டவுனிலிருந்து அங்கே போய்த் தங்கிவிட்ட ஒரு குடும்பம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கூட்டிப்போனது. மூன்று மாத விசா. இரண்டு வருஷம் இருந்தார்.

"பயமா இல்லியாக்கா?"

"மொத மூணு மாசம் இல்ல. அப்பறம் தெனமும்."

ஒருநாள் ரயில் விட்டு இறங்கி வெளியே வரும் இடத்தில் போலீஸ் நின்றது. கூட வந்த இரண்டு பெண்கள் வேறு படிக்கட்டில் ஏறிப் போய்விட்டார்கள். அக்கா நேராக நடந்தார்.

"ஏன், நீங்களும் ஓடியிருக்கலாமே?"

"ஓடியிருக்கலாம். அலுத்துப்போச்சு. யாராச்சும் கேட்டா சொல்லிப்புடலாம்னு இருந்துச்சு. ரெண்டு வருஷமா யாருமே கேக்கல தம்பி."

பத்து விரல் ரேகையையும் எடுத்தார்கள். முப்பது நாளில் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். பத்தொன்பதாம் நாள் டிக்கெட் எடுத்து வந்துவிட்டார். வந்த மறுவாரம் கூடையைத் தூக்கினார். அந்தத் தாளும் பாஸ்போர்ட்டும்தான் தகரப் பெட்டியில் இருந்தவை.

அவர் வீட்டுக்காரரை அங்கேதான் பார்த்திருக்கிறார். மளிகைக் கடை வேனில் வீடு வீடாகச் சாமான் கொண்டுவருகிறவர். காரைக்கால் டவுன்காரர். அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் இவருக்கும் அந்த நாட்டுக் குடியுரிமை. வாசலில் வைத்தே அக்கா சொல்லியிருக்கிறார், "நீங்க கொண்டாந்த முருங்கைக்கா முத்தல்." அவர் சிரித்தாராம். அதற்குமேல் அக்கா எனக்குச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொல்கிற ஆள், அதை மட்டும் வைத்துக்கொண்டார்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் அவர் லீவு போட்டு வந்து, மேட்டு ஜனங்களை வைத்திருந்த தகரக் கொட்டகைகளில் ஒவ்வொன்றாகத் தேடி அக்காவைக் கண்டுபிடித்தார். அம்மன் கோயிலில் தாலி கட்டினார். ஊர்ப் பஞ்சாயத்தார் முன்னால் நின்றார்கள். நானும் என் மனைவியும் போயிருந்தோம். மாப்பிள்ளை மூன்று வாரம் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பினார். இங்கே பதிந்த கல்யாணத்தை அந்த நாட்டு ஏட்டிலும் ஏற்ற வேண்டும். அதற்கு ஒன்பது மாதம் ஆனது. அதன் பிறகுதான் மனைவி என்று விசா கேட்க முடியும்.

அந்தச் சமயம் மேட்டில் எல்லோருக்கும் எல்லாம் புதுசு. ரேஷன் கார்டு புதுசு. பிறந்த சர்டிபிகேட் புதுசு. பாஸ்போர்ட் வைத்திருந்தவர்களுக்கு அதுவும் புதுசு. கடலில் போய்விட்டது என்றால் எழுதிக்கொண்டு கொடுத்தார்கள். பழையது எதற்கும் சாட்சி இல்லை. சிலர் மூன்று நாலு வயது குறைத்துக்கொண்டார்கள். ஒருத்தர் படிக்காத எட்டாவதைப் படித்ததாகப் போட்டுக்கொண்டார்.

அக்காவிடமும் சொன்னார்கள். "முப்பத்தாறுன்னு போட்டுக்கடி. யாரு கேக்கப் போறா?"

அவர் முப்பத்தொன்பது என்றே கொடுத்தார். அன்று வண்டியில் சொன்னார். "பேப்பர்ல கொறைச்சுக்கலாம் தம்பி. வயித்துக்குத் தெரியுமே."

அவருக்குப் பிள்ளை வேண்டும் என்று இருந்தது. அதைச் சத்தமாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான். விசாவுக்கு அவர் பட்ட அவசரம் பாரிசுக்காக இல்லை என்று எனக்கு அப்போது புரிந்தது. ஒவ்வொரு மாதமும் கணக்கு.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

பாண்டியில் ஃபாரம் எழுதிக் கொடுக்கிற கடை ஒன்று உண்டு. என் சவாரிகளை அங்கேதான் கூட்டிப்போவேன். எழுதுகிறவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் கேட்பார். அக்கா பதில் சொல்லிக்கொண்டே வந்தார். பேர், ஊர், கல்யாணத் தேதி. நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

"இதுக்கு முன்னாடி அந்த நாட்டுல இருந்திருக்கீங்களா? வெளிய போகச் சொல்லி உத்தரவு ஏதாச்சும் வந்திருக்கா?"

அக்கா வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"இல்ல சார்."

எழுதுகிறவர் நிமிரவில்லை. இரண்டு கட்டத்திலும் இல்லை என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போனார். அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். கடைசியில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பேனாவை வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு போட்டார்.

வெளியே வந்ததும் கேட்டார். "ஏன் தம்பி அப்புடிச் சொன்னே?"

"பழைய பாஸ்போர்ட் கடல்ல போச்சுக்கா. புதுசுல ஒண்ணும் இல்ல. ஆமான்னு போட்டா ஒடனே தள்ளிடுவாங்க. எத்தன பேர நான் ஏத்திகிட்டு வந்திருக்கேன். கடலே அழிச்சுக் குடுத்திருக்கு, நீங்க ஏன் எழுதிக் காட்டுறீங்க?"

நான் அதை நம்பித்தான் சொன்னேன். அப்போது எங்கள் பக்கம் எல்லோருக்கும் அந்த நினைப்பு இருந்தது. கடல் அவ்வளவையும் கொண்டு போனதே, இதையும் கொண்டு போயிருக்கும் என்று.

திரும்பும் வழியில் சீர்காழி தாண்டித்தான் அக்கா கேட்டார்.

"அந்த ஃபாரத்த இப்பப் போயித் திருப்பி வாங்க முடியுமா?"

"விடுங்கக்கா."

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. விசா இல்லை. தாள் பிரெஞ்சில் இருந்தது. டவுனில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஒரு வாத்தியாரிடம் எடுத்துப் போனோம். நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்தார்.

"முன்னாடி அங்க இருந்ததயும், வெளிய போகச் சொன்னதயும் மறைச்சிருக்கீங்கன்னு போட்டிருக்கும்மா. ஒன் பேரு அவங்ககிட்ட இருக்கு. கைரேகை இருக்கு."

நான் கேட்டேன். "மறைக்காம இருந்திருந்தா சார்?"

"கேள்வி கேட்டிருப்பாங்க. கொஞ்சம் லேட்டாயிருக்கும். ஆனா கட்டின பொண்டாட்டி. நெசமான கல்யாணம். போகச் சொன்ன நாளுக்கு முன்னாடியே தானா வந்த பொம்பள. குடுத்திருப்பாங்கன்னுதான் தோணுது."

அக்கா தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன் செதில் அறுத்த கோடுகள் இருந்தன.

"பாஸ்போர்ட்டுதான் தம்பி கடல்ல போச்சு" என்றார். "வெரலு எங்கிட்டதான இருக்கு."

திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

மேட்டில் ஆளுக்கு ஒரு வழி சொன்னார்கள். வேறு ஏஜென்ட் என்றார்கள். பேரில் ஓர் எழுத்தை மாற்றிப் புதுப் பாஸ்போர்ட் எடு என்றார்கள். வீட்டுக்காரரே வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிடுகிறேன் என்று போனில் சொன்னாராம். "வந்து என்னா பண்ணுவீங்க, கூடை தூக்குவீங்களா?" என்று இவர் கேட்டிருக்கிறார். மறுநாள் காலை வாத்தியார் வீட்டு வாசலில் போய் நின்றார். என்னையும் வரச் சொல்லியிருந்தார்.

"நடந்தத எல்லாம் ஒரு லெட்டரா எழுதணும் சார்."

வாத்தியார் தாள் எடுத்தார். அக்கா தரையில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். போன மாதம், இருந்த வீடு, பார்த்த பிள்ளை, அந்தப் பிள்ளைக்கு எப்போது பல் முளைத்தது, எந்த ரயில், எந்தப் படிக்கட்டு.

"இவ்வளவு வேண்டாம்மா. பல்லு மொளச்சதெல்லாம் எதுக்கு?"

"நீங்க எழுதுங்க சார். படிக்கிறவங்க வேண்டாதத விட்டுக்குவாங்க."

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். மூன்று தாள் நிறைந்தது. நாலாவது தாளில் ஃபாரத்துக்கு வந்தார்கள்.

"சரி. இத்தன நேர்மையாச் சொல்ற ஆளு, அன்னைக்கு ஏன் இல்லைன்னு போட்ட? அதான் அவங்க கேக்கப்போற மொத கேள்வி."

நான் வாசற்படியிலிருந்து எழுந்தேன்.

"சார், அது வந்து, நான்தான்..."

"தம்பி, நீ போயி வண்டிய நெழல்ல போடு" என்றார் அக்கா.

வண்டி நிழலில்தான் நின்றது. வேப்பமரத்துக்கு அடியில். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் போய் வண்டிப் பக்கத்தில் நின்றேன். ஜன்னல் வழியாக அவர் குரல் கேட்டது.

"பயந்துட்டேன்னு எழுதுங்க சார். நேத்து மீன இன்னைக்கு மீனுன்னு ஒரே ஒரு தடவ வித்துட்டேன்னு எழுதுங்க. இதுக்கு முன்ன வித்ததில்ல."

"மீனுன்னெல்லாம் எழுதினா அவங்களுக்குப் புரியாதும்மா."

"தெனம் மீனு திங்கிற ஊருதான் சார் அது. புரியும்."

திரும்பும்போது கேட்டேன். "வீட்டுக்காரருகிட்டயாச்சும் சொன்னீங்களாக்கா?"

"எத?" என்றார்.

அதன் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. கடிதம் போனது, பதில் வந்தது, இன்னொரு தாள் கேட்டார்கள், கொடுத்தோம். விசா ஆபீசுக்கு நேரில் கூப்பிட்டார்கள். நான் வெளியே வண்டியில் இருந்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார்.

"என்னக்கா கேட்டாங்க?"

"கேட்டாங்க. கேக்காததும் சொன்னேன்."

"கோவப்பட்டாங்களா?"

"தண்ணி குடுத்தாங்க."

விசா வந்த அன்று அவருக்கு நாற்பத்தொன்று முடிந்திருந்தது. முதல் தடவை மறுத்த நாளிலிருந்து பதினாலு மாதம். மறுநாள் குரும்பகரத்துக்குக் கூடையோடு வந்து, வாடிக்கை வீடுகள் எல்லாவற்றிலும் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மீதியிருந்த நேத்து மீனை யாருக்கும் சும்மாகூடக் கொடுக்கவில்லை.

சென்னை ஏர்போர்ட்டுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். உள்ளே போனவர் அரை மணியில் வாசலுக்குத் திரும்பி வந்தார். கையில் ஒரு பொட்டலம்.

"என்னக்கா?"

"கருவாடு. உள்ள இருக்கு, நாத்தம் வரும்னு பெட்டி பாக்குற சார்கிட்ட சொன்னேன். எடுத்துருங்கன்னுட்டாரு."

"அவரு கேட்டாரா?"

"இல்ல."

கம்பிக்கு மேலாக என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஊர் வரைக்கும் வண்டி முழுக்கக் கருவாட்டு வாடை. கண்ணாடியை இறக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து வண்டியை விற்றேன். வாங்க வந்தவரிடம் முதல் பேச்சே, சுனாமித் தண்ணீர் ஏறின வண்டி என்பதுதான். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அக்கா பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வார். மனைவியிடம் கொஞ்சம், என்னிடம் கொஞ்சம். அங்கே மீன் வாங்குகிற கடையில் எது நேற்றையது என்று கடைக்காரரிடமே காட்டுவாராம். இந்தத் தடவை என் மனைவி, "விசேஷம் ஏதாச்சும் உண்டாக்கா?" என்று கேட்டுவிட்டாள். பிறகு போனை என்னிடம் நீட்டினாள்.

"தங்கல தம்பி" என்றார் அக்கா. "மூணு மாசத்துல போயிடுச்சு. வயசுங்கிறாங்க டாக்டரு. இனிமே வேணாங்கிறாங்க."

நான் கேட்டேன்.

"அந்த ஒரு வருஷம் முன்னாடியே நீங்க போயிருந்தா?"

"சீச்சீ. அதுக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்."

வருஷக்கணக்காக அவர் மீன் விலை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தக் குரல் எனக்குத் தெரியும். இது அந்தக் குரல் இல்லை.

"வீட்டுக்காரருகிட்ட போனக் குடுங்கக்கா" என்றேன்.

"எதுக்கு?"

"அந்த ஃபாரத்தப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன். வைக்கவில்லை.

"அவரு வேலைக்குப் போயிருக்காரு தம்பி" என்றார்.

அவருக்குப் பின்னால், கிட்டத்தில், ஓர் ஆண் குரல் இருமிவிட்டு, யாரு போனுல என்று தமிழில் கேட்டது.